தக்காளி மட்டும் ஏன் செத்தது?

அத்தியாயம் 4

பிணங்கள் வரிசை வரிசையாக நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் ஒரு குச்சியில் கட்டி நிறுத்தியிருந்தார்கள். தலை தொங்கி, கை துவண்டு, ஒன்றுக்கும் உயிர் இல்லை.

ராஜ்கமல் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டான்.

"எல்லாம் பூ விடுத வயசுக்கா. பாக்கச் சகிக்கல."

"தொப்பியைப் போடு. தக்காளிச் செடிக்கு யாரும் துக்கம் விசாரிக்கறதில்லை," என்றாள் சித்ராதேவி.

சித்ராதேவிக்குத் துப்பறிவது தொழில். காதர்பேட்டையில் எலாஸ்டிக் கடைக்கு மாடியில் ஆபீஸ். அதற்கு முன்னால் ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்த்தாள். விளக்கு வைத்த மேஜைமேல் துணியை ஓடவிட்டு ஓட்டை, கோடு, திட்டு என்று குற்றம் கண்டுபிடிப்பது வேலை. கண்டுபிடித்துக் கண்டுபிடித்துப் பழகிப்போய், முதலாளியின் மைத்துனர் துணி கடத்துவதையும் கண்டுபிடித்துவிட்டாள். மைத்துனர் அங்கேயே இருக்கிறார். வேலை போனது இவளுக்கு.

ராஜ்கமல் தென்காசிப் பக்கம். திருப்பூருக்குத் தையல் வேலைக்கு வந்தவன். அவன் வாய் ஓடுகிற நேரத்தில் மெஷின் ஓடவில்லை என்று மூன்று கம்பெனியில் அனுப்பிவிட்டார்கள். சித்ராதேவிக்குப் பேச்சு குறைவு. அந்தப் பற்றாக்குறையை இவன் தீர்த்துவைத்து, மேற்கொண்டு மிச்சமும் வைத்திருந்தான்.

இருவரையும் சேவூர்ப் பக்கம் இந்தத் தக்காளித் தோட்டத்துக்குக் கூட்டிவந்தவள் அனுப்ரியா. தோட்டத்தின் தெற்கு மதிலுக்கு அந்தப் பக்கம் அவளுடைய சாயப்பட்டறை. பட்டறை என்றதும் மூக்கைப் பொத்த வேண்டாம். பூ, காய், பட்டை, தோல் என்று காடு கொடுப்பதை வைத்துக் கைக்குழந்தைச் சட்டைகளுக்குச் சாயம் போடுகிற இடம். வெளிநாட்டுக் குழந்தைகள் அந்தச் சட்டையின் கையைச் சப்பினாலும் ஒன்றும் ஆகாது என்பது அவளுடைய விளம்பரம். அவளே ஒரு சட்டைக் கையைச் சப்பிக் காட்டுவாளாம்.

"மறுபடியும் ஒருக்கா சொல்லுங்க," என்றாள் சித்ராதேவி.

"இந்தச் செந்தில்வேல் அண்ணன் தோட்டம் போச்சுங்க. அக்கட்டால செல்லாத்தாக்கா தோட்டமும் போச்சு. நான் திருட்டுத்தனமா கெமிக்கல் சாயத் தண்ணி உடறேன்னு ஊரே சொல்லுதுங்க. ஆபீசருங்க வந்து பட்டறைத் தண்ணியை எடுத்துட்டுப் போயிப் பாத்தாங்க. உப்பு இல்லை, அமிலம் இல்லை, ஒண்ணுமில்லைன்னு வந்துருச்சு. அப்பவும் நம்பலைங்க."

"ஏனாம்?"

அனுப்ரியா கொஞ்சம் தயங்கினாள். "எங்கப்பா மருதாசலம் அந்தக் காலத்துல கெமிக்கல் சாயம் ஓட்டுனாருங்க. இந்த ஊருக் கெணறெல்லாம் செவப்பாப் போனது அப்பத்தான். அவரு போயிட்டாரு. பேரு போகலைங்க. அந்தப் பேரைக் கழுவத்தான் இதே எடத்துல இந்தப் பட்டறையை ஆரம்பிச்சேன். வர்ற அமாவாசை கழிஞ்சு ஞாயித்துக்கிழமை மாரியம்மன் கோயில்ல ஊர் கூடுது. பட்டறைக் கேட்டைப் பூட்டிருவாங்க. உள்ள வேலை செய்யற பொம்பளைங்க அத்தனை பேரும் இந்த ஊருதாங்க. அப்பறம் நான் எங்கேயும் போயி 'இது நல்ல சாயம்'னு சொல்ல முடியாதுங்க."

"யாரைச் சந்தேகப்படறீங்க?"

அனுப்ரியா வடக்கே கையைக் காட்டினாள். கிளுவை வேலிக்கு அந்தப் புறம் ஒரு தக்காளித் தோட்டம் தளதளவென்று நின்றது. கிளைக்குக் கிளை பழம். இந்தப் பக்கம் இழவு வீடு, அந்தப் பக்கம் கல்யாண வீடு.

"ஆத்தப்பனுங்க. இந்தச் சுத்துல அவரு தக்காளி ஒண்ணுதான் உசுரோட நிக்குது. எங்க ஊட்டுக்கும் அவிங்க ஊட்டுக்கும் பேச்சுவார்த்தையே கெடையாதுங்க. பொங்கலுக்கு நான் அனுப்பற சீரைக்கூடத் திருப்பி எங்க பட்டறை வாசல்ல போட்டுட்டுப் போயிருவாரு. போன மாசம் களைக்கொல்லி வாங்கியிருக்காரு. சாயங்காலமானா இந்த வேலியோரம் நின்னு எட்டிப் பாத்துட்டுப் போறாரு. பழி எம்மேல உழட்டும்னு இதையெல்லாம் கொன்னது அவருதாங்க. நீங்க நிரூபிச்சுக் கொடுத்தீங்கன்னா போலீசுக்குப் போயிருவேன்."

"சாவு எங்க ஆரம்பிக்குது?" என்றாள் சித்ராதேவி.

"அவரு வேலியோரத்துல இருந்துதாங்க! அங்கிருந்து இப்படியே வந்து, எங்க மதிலோரம் நாலு வரிசை மட்டும் தப்பிச்சிருக்குதுங்க. என் தண்ணியா இருந்தா எம்மதிலோரந்தானுங்க மொதல்ல சாகோணும்?"

அது நியாயமாகத்தான் இருந்தது. ராஜ்கமல் வேலிப் பக்கம் பார்த்து, பாதிக் கேஸ் முடிந்தது என்கிற முகத்தோடு தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

சித்ராதேவி குனிந்து செத்த செடி ஒன்றைப் பிடுங்கினாள். அது எதிர்ப்பே இல்லாமல் வந்தது. நாலா பக்கமும் ஓடியிருக்க வேண்டிய வேர், நகம் கடிக்கிறவன் விரல் மாதிரி மொட்டையாகப் பழுப்பேறிக் கிடந்தது. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாடியிருந்ததே தவிர ஒரு தீய்ந்த புள்ளி இல்லை, ஒரு சுருட்டல் இல்லை. பிறகு அதே பாத்தியின் ஓரத்தில் ஊடுபயிராக நின்ற சின்ன வெங்காயத்தைப் பிடுங்கினாள். வெள்ளை வேர், தாடி போல அடர்த்தி. வாய்க்கால் ஓரத்து அவரையும் கொடி வீசிப் பூத்திருந்தது.

"களைக்கொல்லி அடிச்சா அவரை ஏன் சிரிச்சுக்கிட்டு நிக்கி?" என்றான் ராஜ்கமல். "களையைக் கொல்லல. அவரையைக் கொல்லல. வெங்காயத்தைத் தொடல. தக்காளி மேல மட்டும் பகை. இவன் ஆள் பாத்து அடிச்சிருக்கான்க்கா. வேணும்னா சந்தையில தக்காளி வெலையைப் பாத்துப் பொசுங்குன எவனாவது இருக்கானான்னு பாப்போம்."

"மேல இருந்து அடிக்கலை. கீழ இருந்து புடிச்சிருக்குது," என்றாள் சித்ராதேவி.

அப்போது செந்தில்வேல் வந்தான். குத்தகைக்குத் தோட்டம் பிடித்து உழைக்கிறவன். அவன் தூங்கிப் பல நாளாயிற்று என்பது முகத்தில் தெரிந்தது.

"என்னென்ன செஞ்சீங்க?" என்று சித்ராதேவி கேட்டாள்.

"செய்யாதது ஒண்ணுமில்லீங்க. வாடுதேன்னு தண்ணி கட்டினேன். பூச்சியா இருக்குமோன்னு வேப்பெண்ணெய் அடிச்சேன். தெம்பு பத்தலையோன்னு எருவும் இன்னொருக்கா வெச்சேன். புள்ளைக்குக் காய்ச்சல் வந்தாக்கூட இத்தனை பாத்திருக்க மாட்டேனுங்க."

"கை என்னுங்க இப்படி?"

செந்தில்வேல் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். மருதாணி நாள்பட்டது போல இரண்டு கையும் கருத்த பழுப்பு.

"தோட்ட வேலைங்க. கழுவிட்டேன், போகலைங்க," என்று சொல்லிவிட்டு வேட்டியில் துடைத்தான். அப்போதும் போகவில்லை.

ஆத்தப்பன் வீடு வேலியைச் சுற்றிப் போனால் கூப்பிடு தூரம். போகிற வழியில் ராஜ்கமல் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, பட்டறையில டீ குடிக்கும்போது பாத்தேன். அங்க சாயம் முக்குத பொம்பளையாளுக கையும் இதே நெறந்தான். இவன் தக்காளி விவசாயி. இவனுக்கு எப்படி அந்தக் கை? ராத்திரியில பட்டறைக்கு வேலைக்குப் போறான். அந்தப் பிள்ளையும் இவனும் கூட்டு. அந்த ஆத்தப்பனை மாட்டிவிடப் பாக்காவ."

"தன் தோட்டத்தைத் தானே கொன்னுட்டா?"

"அந்த எடத்துல கதை கொஞ்சம் இடிக்கி," என்று ராஜ்கமல் ஒத்துக்கொண்டான்.

ஆத்தப்பன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வானொலிப் பெட்டியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது தாண்டிய உடம்பு, இன்னும் வளையவில்லை. வந்தவர்கள் யார், யார் அனுப்பினார்கள் என்று சித்ராதேவி மறைக்காமல் சொன்னாள். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. உள்ளே பார்த்து, "முத்தாத்தா, மோரு கொண்டா," என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

"களைக்கொல்லி வாங்கினீங்களாமா?"

"வாங்கினேன். பம்புசெட்டுப் பாதையில பொதர் மண்டிப் பாம்பு வருது. அடிச்சேன். பாம்பு போகலை, பொதர் போயிருச்சு."

"சாயங்காலம் வேலியோரம் வந்து நிக்கறீங்களாமா?"

"நிக்கறேன். வாடற பயிரைப் பாத்தா சும்மா போக முடியுமா அம்மிணி? எவன் தோட்டமா இருந்தா என்ன, பயிரு பயிருதான."

"ராத்திரியில வேலி தாண்டிப் போயிருப்பீங்களோன்னு அவங்க நெனைக்கறாங்க."

"நான் செய்யோணும்னா பகல்ல செஞ்சிருப்பேன். ராத்திரி எனக்குக் கண்ணு தெரியாது."

ராஜ்கமல் மோரைப் பாதி குடித்துவிட்டு, "இது நல்ல சாட்சி. கண் டாக்டர் கையெழுத்து போட்டாப் போதும்," என்றான். ஆத்தப்பன் அவனை ஒரு தடவை பார்த்தார். அதற்குப் பிறகு அவன் கொஞ்ச நேரம் மோரில் கறிவேப்பிலையைத் தேடிக்கொண்டிருந்தான்.

"அனுப்ரியா பொங்கலுக்கு அனுப்பற சீரை ஏனுங்க திருப்பிப் போட்டுடறீங்க?" என்றாள் சித்ராதேவி.

"மருதாசலம் ஊட்டுப் பொருளு எதுவும் இந்தப் படி தாண்டாது. அவிங்க ஊட்டுத் தண்ணி நாங்க குடிக்கறதில்லை, எங்க ஊட்டுத் தண்ணி அவிங்களுக்குக் கொடுக்கறதில்லை. கொடுக்கல் வாங்கல் நின்னு இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. அது எருவா இருந்தாலும் சரி, பொன்னா இருந்தாலும் சரி."

சித்ராதேவி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

"எருவா?"

"ஆமா. பட்டறையில மிஞ்சற சக்கையை மூட்டை கட்டி, மஞ்சக் கொத்துச் சுத்தி, பக்கத்துத் தோட்டத்துக்காரங்களுக்கெல்லாம் பொங்கச் சீருன்னு கொடுக்குது அந்தப் புள்ளை. எல்லாரும் வாங்கிக்குவாங்க. போன வருசம் செந்தில்வேலுத் தக்காளி பிரமாதமா வந்துச்சு. அதுக்காக நான் வாங்க முடியுமா?"

சித்ராதேவி மோரைக் குடித்து முடித்தாள். "உங்க தோட்டத்து மண்ணு ஒரு கை எடுத்துக்கலாமுங்களா?"

"மருதாசலம் மகளுக்குன்னா கொடுக்க மாட்டேன். உங்களுக்குன்னா எடுத்துக்குங்க."

வண்டிக்குத் திரும்பும்போது சித்ராதேவி செந்தில்வேலுக்குப் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எதிர்ப்பக்கம் சொன்ன பதிலைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். நல்ல செய்திக்கு அவள் கண்ணை மூடுவதில்லை.

"என்னக்கா சொல்லுதான்?"

"செக்கிங்கில புதுசா வர்றவங்க, துணியில குத்தம் எங்க ஆரம்பிச்சுதுன்னு பாப்பாங்க. எங்க நின்னுச்சுன்னு பாக்க மாட்டாங்க. நின்ன எடத்துலதான் சங்கதி இருக்கும்."

"கேள்விக்குப் பதில் சொல்லச் சொன்னா பாடம் எடுக்கீங்க," என்றான் ராஜ்கமல். ஆனால் வண்டியை ஓட்டிக்கொண்டே மதிலோரம் பிழைத்து நின்ற நாலு வரிசையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஒரு ஆட்டின்மேல் மோதப் பார்த்த பிறகுதான் சாலையைப் பார்த்தான்.

திருப்பூரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வெட்டி மிஞ்சின பனியன் துணிக்குப் பஞ்சம் கிடையாது. சித்ராதேவி நாலு பிளேட்டில் நாலு வெள்ளைத் துண்டுகளை விரித்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பாதியில் தக்காளி விதை, மறுபாதியில் வெங்காய விதை. முதல் துணியை ஆத்தப்பன் தோட்டத்து மண்ணைக் கரைத்து வடித்த தண்ணீரில் நனைத்தாள். இரண்டாவதைச் செந்தில்வேல் தோட்டத்து மண் தண்ணீரில். மூன்றாவதைச் சாயப்பட்டறையிலிருந்து வெளியே வருகிற தண்ணீரில். நாலாவதை நனைத்த தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் மூடி வைத்தாள்.

"லேப்ல கொடுத்தா ஆகாதா?" என்றான் ராஜ்கமல்.

"கொடுத்தாங்களே. உப்பு இருக்குதான்னு கேட்டாங்க, இல்லைன்னுச்சு. அமிலம் இருக்குதான்னு கேட்டாங்க, இல்லைன்னுச்சு. கேக்காத கேள்விக்கு எந்த லேப்பும் பதில் சொல்லாது. விதைகிட்டக் கேட்டா, 'இங்க பொழைக்க முடியுமா முடியாதா'ன்னு ஒரே பதிலாச் சொல்லிரும்."

விதை முளைக்கும்வரை ஆபீஸில் வேறு வேலை நடக்கவில்லை. ராஜ்கமல் தினமும் காலையில் வந்து பிளேட்டுகளுக்கு வணக்கம் வைத்தான். மாலையில், கட்சிக்காரர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தான். கீழே எலாஸ்டிக் கடைக்கு வந்த வடநாட்டு வியாபாரி ஒருவர் மாடி ஏறிவந்து, இது என்ன பூஜை என்று இந்தியில் கேட்டார். ராஜ்கமல் தமிழில் விளக்கினான். அவர் காணிக்கையாக ஒரு ரூபாய் வைத்துவிட்டுப் போனார்.

கடைசியில் வெள்ளைத் துணியில் வேர்கள் தங்கள் பதிலை எழுதத் தொடங்கின. சித்ராதேவி பார்த்தாள். ராஜ்கமலும் பார்த்தான். பார்த்ததும் அவன் வாய் மூடிக்கொண்டது. அந்த ஆபீஸில் அது அபூர்வம்.

அமாவாசைக்கு மறுநாள் நாலு பிளேட்டையும் எடுத்துக்கொண்டு அனுப்ரியாவின் பட்டறைக்குப் போனார்கள். அவள் அறையில் பழுப்பு நிறக் குழந்தைச் சட்டைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. வெல்லம் காய்ச்சியது போல அழகான பழுப்பு.

சித்ராதேவி முதல் துணியைத் திறந்தாள். "இது ஆத்தப்பன் தோட்டத்து மண்ணு. தக்காளி, வெங்காயம் ரெண்டும் வேர் விட்டிருக்குது. இது உங்க பட்டறைத் தண்ணி. இதுலயும் ரெண்டும் நல்லாருக்குது. நீங்க சுத்தமான தண்ணியத்தான் வெளிய உடறீங்க."

அனுப்ரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் சொன்னனுங்களே!"

"இது செந்தில்வேல் மண்ணு. வெங்காயம் நல்லாருக்குது. தக்காளிக்கு வேர் அரிசி அளவுக்கு வந்து நின்னுருச்சு. இது நாலாவது. வெங்காயத்துக்கு ஒண்ணுமில்லை. தக்காளி, வெடிச்ச விதையோட சரி."

"அப்ப இதுதானுங்க ஆத்தப்பன் ஊத்துன மருந்து?"

"இல்லீங்க," என்றாள் சித்ராதேவி. "இது நீங்க கொடுத்த பொங்கச் சீரு. காலி மூட்டையில ஒட்டியிருந்த சக்கையை ஊற வெச்சு வடிச்ச தண்ணி."

அனுப்ரியா நாலாவது துணியைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள்.

"அது எருவுங்க," என்றாள் அனுப்ரியா. "வருசா வருசம் கொடுக்கறதுதான். போன வருசம் அதைப் போட்டுத்தான அவ்வளவு தக்காளி வந்துச்சு!"

"போன வருசம் என்ன நெறம் ஓட்டுனீங்க?"

"மஞ்சளும் சாம்பலும். மாதுளைத் தோல், கடுக்காய்."

"இந்த வருசம்?"

அனுப்ரியா மேஜைமேல் இருந்த சட்டைகளைப் பார்த்தாள். வாங்குகிறவன் இந்த சீசனுக்குப் பழுப்பு கேட்டான். பழுப்புக்குக் காஷ்மீரிலிருந்து அக்ரூட் என்கிற வால்நட் காயின் மேல்தோலை லாரியில் வரவழைத்திருந்தாள். எங்கோ ஒரு ஊரில் யாரோ ஒருவன் கைக்குழந்தைகளுக்கு இந்த வருடம் பழுப்புதான் எடுப்பாக இருக்கும் என்று முடிவு செய்தான். சேவூரில் தக்காளி செத்தது.

"அக்ரூட் மரம் கொஞ்சம் தன்னலக்காரனுங்க," என்றாள் சித்ராதேவி. "தங்கிட்டத்துல இன்னொண்ணு வேர் விடக்கூடாதுன்னு வேர்ல, இலையில, காய்த் தோல்ல ஒரு சரக்கு வெச்சிருக்குது. மண்ணு ஆராய்ச்சி பண்ற ஒருத்தரு போன்ல வெவரமாச் சொன்னாரு. தக்காளி, கத்திரிக்கு அது ஆகவே ஆகாது. வெங்காயம், அவரை, மக்காச்சோளம் கண்டுக்கறதில்லை. அது தண்ணியில கொஞ்சந்தான் கரையுமாம், மிச்சம் சக்கையிலயே தங்கிருமாம். அதனாலதான் உங்க தண்ணி சுத்தம், உங்க சக்கை சுத்தமில்லை. மாசக்கணக்குல கெளறி மக்க உட்டிருந்தா முறிஞ்சிருக்கும். உங்களுக்குப் பொங்கலுக்குள்ள கொடுத்தாகோணும்."

"இது இயற்கைங்க," என்றாள் அனுப்ரியா.

"எருக்கம்பாலும் இயற்கைதானுங்க," என்றான் ராஜ்கமல். "அதுக்காகக் கண்ணுல விட்டுக்குவமா?"

"மதிலோரம் நாலு வரிசை?" என்றாள் அனுப்ரியா.

"செந்தில்வேல்கிட்டக் கேட்டேன். மூட்டையை வண்டிப்பாதைப் பக்கம், ஆத்தப்பன் வேலியோரம் எறக்கியிருக்காரு. அங்கிருந்து கையால வெச்சுக்கிட்டே வந்திருக்காரு. கை அப்படிக் கருத்தது அதுலதான். மதிலுக்கிட்ட வர்றப்போ தீந்துபோச்சு. அந்த நாலு வரிசையைப் பத்தி அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'பாவம், ஏமாந்த செடிங்க'ன்னாரு. அப்பறம் செடி வாடுச்சு. வாடுதேன்னு செல்லாத்தாகிட்ட மிச்சம் இருந்த மூட்டையையும் வாங்கி, செத்துக்கிட்டிருந்ததுக்கே வெச்சாரு."

"ஆத்தப்பன் தக்காளி?"

"உங்க மேல கோவம். அதனால பொழைச்சுது."

அனுப்ரியா ஒரு சட்டையை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு, கணக்குப் போடுகிறவளின் குரலில் கேட்டாள். "இது உங்க ரெண்டு பேருக்கும் எனக்கும் மட்டுந்தான தெரியும்?"

"ஆமாங்க."

"அவரு களைக்கொல்லி வாங்குனது ஊருக்கே தெரியும். வேலியோரம் நின்னதும் தெரியும். ஞாயித்துக்கிழமை நான் வாயைத் தொறக்காம இருந்தாக்கூடப் போதும். பாதிப் பேரு அவரைத்தான் சந்தேகப்படுவாங்க." அவளுக்கே தன் வார்த்தை கேட்டிருக்க வேண்டும். முகம் வெளிறிப்போய், "நான் அப்படிச் செய்வேன்னு சொல்லலைங்க," என்றாள்.

"யாருன்னு கண்டுபிடிக்கச் சொன்னீங்க. கண்டுபிடிச்சுட்டேன்," என்று சித்ராதேவி எழுந்தாள். "ஊருக்குச் சொல்றது என் வேலையில இல்லீங்க."

வண்டியில் ஏறியதும் ராஜ்கமல் கேட்டான். "சொல்லுமாக்கா அந்தப் பிள்ளை?"

"தெரியலை."

"சொன்னா பட்டறை போச்சு. சொல்லலைன்னா கிழவர் போனார். இதுக்கு நாம கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்."

சித்ராதேவிக்கும் அதுதான் தோன்றியது. அவள், வழியில் ஆடு வருகிறதா என்று பார்க்கச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாரியம்மன் கோயில் மைதானத்தில் ஊர் கூடியது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். செந்தில்வேல் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். ஆத்தப்பன் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றார். அவரைச் சுற்றிக் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. களைக்கொல்லி விஷயம் ஏற்கெனவே வேலை செய்ய ஆரம்பித்திருந்தது.

அனுப்ரியா முன்னால் வந்து நின்றாள். சித்ராதேவியும் ராஜ்கமலும் பின்வரிசையில் நின்றார்கள். ராஜ்கமல் தன்னை அறியாமல் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"ஆத்தப்பன் பெரியப்பா எதுவும் பண்ணலைங்க," என்று ஆரம்பித்தாள். "செந்தில்வேல் அண்ணன் தோட்டத்தையும் செல்லாத்தாக்கா தோட்டத்தையும் கெடுத்தது நாந்தானுங்க. நான் கொடுத்த பொங்கச் சீருதான். தெரியாமக் கொடுத்தேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் கொடுத்தேன். ஆனாக் கொடுத்தது நாந்தான்."

துணிகளை எடுத்துக் காட்டினாள். வேர் விட்டதையும் விடாததையும் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். செந்தில்வேல் நாலாவது துணியைப் பார்த்துவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தான். வாய்விட்டு அழுதான். ரெண்டாம் தடவை வைக்காமல் இருந்திருந்தால் பாதியாவது பிழைத்திருக்குமோ என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். யாரும் அவனைத் தேற்றவில்லை.

"சக்கையெல்லாம் அள்ளிட்டு, மண்ணு தேறுற வரைக்கும் ரெண்டு தோட்டத்து நட்டமும் செலவும் என்னோடதுங்க," என்றாள் அனுப்ரியா. "பட்டறையைப் பூட்டோணும்னு நீங்க சொன்னீங்கன்னா, சாவியை நானே கொடுத்தர்றேன்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "அப்பனுக்குப் புள்ளை தப்பாமப் பொறந்திருக்குது," என்று ஒரு குரல் வந்தது. "பூட்டுங்கப்பா," என்றது இன்னொன்று.

ஆத்தப்பன் மரத்தை விட்டு நகர்ந்து முன்னால் வந்தார். சத்தம் அடங்கியது. அவர் மருதாசலம் குடும்பத்தாரோடு நேருக்கு நேர் பேசி ஊர் பார்த்ததில்லை.

"தப்பிப் பொறந்திருக்குது," என்றார். பிறகு அனுப்ரியாவின் பக்கம் திரும்பினார். "எங்கெணத்துல செவப்புத் தண்ணி வந்தப்போ உங்கொப்பன் ஊட்டு வாசல்ல போயி நின்னேன். அன்னிக்கு எல்லாருந்தான் சாயம் உட்டாங்க, அது எனக்குத் தெரியாதா? சண்டை போடப் போகலை கண்ணு. 'ஆமாண்ணா, நாந்தான்'னு ஒரு வார்த்தை சொல்லுவான்னு போனேன். 'ஆதாரம் இருந்தாக் காட்டு'ன்னான். எங்கூட ஒட்டுக்காப் பள்ளிக்கோடம் போனவன். சாகற வரைக்கும் அந்த வார்த்தையை அவன் சொல்லலை. அந்தக் கோவந்தான். தண்ணி மேல எனக்குக் கோவமில்லை."

அவர் துணிகள் இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

"நீ ஆதாரத்தையும் நீயே தூக்கிட்டு வந்து, நாந்தான்னு சொல்ற. இந்தக் கேட்டை எவன் பூட்டறான்னு நானும் பாக்கறேன்."

பூட்டச் சொன்ன குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அது மறுபடி வரவில்லை.

ஆத்தப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு அடி நடந்தார். நின்று திரும்பினார்.

"மணியாச்சு. ஊட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போ கண்ணு."

அனுப்ரியா அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். ஆத்தப்பன் மனைவி முத்தாத்தாள் வந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கிக் கூட்டிக்கொண்டு போனாள். சித்ராதேவியையும் ராஜ்கமலையும் ஆத்தப்பன் விடவில்லை.

அன்றைக்கு அந்த வீட்டில் தக்காளிக் குழம்பு. அனுப்ரியா அழுதுகொண்டே இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள்.